வசிப்பிடத்திலேயே மூப்படைதல் – சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகள்

வயது முதிர்ந்தவர்கள் முதியோர் இல்லத்துக்குப் பெயராமல், பழகிய வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கடைசிவரை வாழ ஏதுவாகக் கட்டடத்தையும் சேவைகளையும் அமைப்பதே வசிப்பிடத்திலேயே மூப்படைதல் எனப்படும். சிங்கப்பூரில் இது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளைப் பற்றிய பேச்சு என்றே கொள்ளலாம். குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அவற்றில்தான் இருக்கிறார்கள். 2030-க்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்பது அரசின் கணக்கு.

தோற்றம்

1927-இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை தியோங் பாருவிலும் பிற இடங்களிலும் கட்டிய வீடுகளில் பெரும்பாலானவை படியேறிப் போகும் தாழ்வான கட்டடங்கள். 1960 பிப்ரவரி 1-இல் வீவக அதன் இடத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு மே 25-இல் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரின் வீடுகளைக் கொண்டுபோனது. விரைவாகவும் மலிவாகவும் கட்டுவதே அன்று ஒரே இலக்கு. முதல் ஐந்தாண்டில் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

1964-இல் வீட்டுடைமைத் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேம நிதிப் பணத்தைக் கொண்டே வீடு வாங்க முடிந்தது. வாங்கியவர்களில் பலர் இளம் தம்பதியர். சொந்த வீடு என்பதால் பலர் இடம் மாறவில்லை. ஒரே காலத்தில் குடியேறியவர்கள் ஒரே காலத்தில் முதுமையடைந்ததால், 1990-களில் பழைய பேட்டைகளில் நரை ஒருசேரத் தெரியத் தொடங்கியது.

மின்தூக்கி

இத்துறையின் வரலாற்றை மின்தூக்கியின் வரலாறாகவே எழுதலாம். 1990-க்கு முன் கட்டிய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்கவில்லை. நீண்ட பொது நடைவழி கொண்ட பத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் அது 1, 5, 9-ஆம் மாடிகளில் மட்டும் நின்றதுண்டு (தரைத்தளமே இங்கு முதல் மாடி). மூன்றாம் மாடிக்காரர் கீழிருந்து இரண்டு மாடி ஏற வேண்டியிருந்தது, அல்லது ஐந்தாம் மாடிக்குப் போய் இரண்டு மாடி இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கதவும் கருவியும் தேவை. நிறுத்தம் குறைந்தால் செலவும் குறையும், பயணமும் விரையும். முப்பது வயதுக்காரருக்கு இரண்டு மாடி பொருட்டல்ல. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இரண்டு மாடியும் ஒன்றுதான், இருபது மாடியும் ஒன்றுதான். இதை வடிவமைப்புப் பிழை என்பாருண்டு. அன்றைய வீட்டுப் பஞ்சத்தில் அது சரியான சிக்கனமே.

அந்தச் சிக்கனத்தைத் திருத்த 2001-இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நடைவழிக் கட்டடங்களில் வேலை எளிது: தூக்கி ஓடும் அதே கூண்டில், அது நிற்காத மாடிகளிலும் வாயில் திறந்தால் போதும், இடமில்லாவிட்டால் வெளிப்புறம் புதுக் கூண்டு. நடைவழியின்றிப் படிக்கட்டைச் சுற்றிச் சில வீடுகள் மட்டும் அமைந்த கட்டடங்களில்தான் சிக்கல். ஒவ்வொரு படிக்கட்டுக்கும் தனித் தூக்கி வேண்டும்; அதன் செலவைப் பகிரச் சில குடும்பங்களே இருக்கும். இயந்திர அறை தேவைப்படாத சிறிய தூக்கிகள் இதை ஓரளவு தீர்த்தன.

பணி நடக்க, தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களிக்க வேண்டும். செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. சிங்கப்பூர்க் குடிமக்கள் குடும்பம் கட்ட வேண்டியது அதிகம் போனால் 3,000 வெள்ளி. எதிர்க்கட்சி வசமிருந்த ஹவ்காங், பொத்தோங் பாசிர் தொகுதிகளுக்கு முறை பிந்தியே வந்தது. தேர்தல் காலப் பேச்சுகளில் இது அடிபட்டாலும், பணி இறுதியில் அங்கும் நடந்தது. மொத்தத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பயன்பெற்றன. செலவு கட்டுப்படியாகாமலோ இடமில்லாமலோ விடுபட்ட கட்டடங்களில் வசிப்போர் வேறு வீடு வாங்க 2020 முதல் 30,000 வெள்ளிவரை மானியம் உண்டு.

வீட்டினுள்

பழைய வீடுகளின் குளியலறை வாசலில் படி இருக்கும், தரையும் வழுக்கும். 2012-இல் தொடங்கிய ‘ஈஸ்’ திட்டம் வழுக்காத தரைப்பூச்சு, கைப்பிடிக் கம்பிகள், சாய்தளம் ஆகியவற்றை வீட்டின் அளவைப் பொறுத்து 87.5 முதல் 95 விழுக்காடு மானியத்தில் அமைத்துத் தருகிறது. 65 வயதானவர் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். அன்றாடக் காரியங்களுக்குப் பிறர் உதவி தேவைப்படுவோர் 60 வயதிலேயே பெறலாம்.

முதியோருக்கான வீடுகள்

55 வயதைக் கடந்தோருக்கென 30 ஆண்டுக் குத்தகையில் சிறு வீடுகள் 1998-இல் வந்தன. 2015-இல் அவற்றின் இடத்தைக் குறுகிய குத்தகைக்கும் கிடைக்கும் ஈரறை ஃபிளெக்சி வீடுகள் பிடித்தன. முதியோருக்கான வீடுகளில் புகழ்பெற்றது கம்போங் அட்மிரல்டி. வோஹா கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த இவ்வளாகத்தில் 104 வீடுகள், உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், பாலர் பராமரிப்பு நிலையம், முதியோர் பராமரிப்பு நிலையம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. 2018-இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாக அது தேர்வானது. அப்பரிசுக்குப் பின் எழுதப்பட்டவை மிகுதி. அதே வசதிகள் சிதறிக் கிடக்கும் பழைய பேட்டைகளைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை.

பராமரிப்பும் பணமும்

முதியோரைப் பேணும் முதற்பொறுப்பு குடும்பத்துடையது என்பதே சிங்கப்பூரின் இயல்பான நிலைப்பாடு. 1995-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும், பெற்றோருக்கு அருகில் வீடு வாங்குவோருக்கு 2015 முதல் தரப்படும் மானியமும் அதையொட்டியவை. வீட்டின் எஞ்சிய குத்தகைக் காலத்தில் ஒரு பகுதியை வீவகவிடமே விற்று மாத வருமானம் பெறும் திட்டம் 2009-இல் வந்தது. 2019 முதல் அது பெரிய வீடுகளுக்கும் பொருந்துகிறது.

கட்டடங்களின் கீழ்த்தளங்களிலும் அருகிலும் முதியோருக்கான ‘துடிப்பான மூப்படைதல் நிலையங்கள்’ இயங்குகின்றன. பராமரிப்புச் சேவையுடன் சேர்த்தே விற்கப்படும் வீடுகள் 2021-இல் புக்கிட் பாத்தோக்கில் அறிமுகமாயின. 2023-இல் ‘ஏஜ் வெல் எஸ்ஜி’ என்ற தேசியத் திட்டம் அறிவிக்கப்பட்டது.