தாஜ்மஹால் போட்டோவில் பாதி தண்ணீர்தான்... கவனிச்சிருக்கீங்களா?

ஆக்ரா போய்வந்த நண்பர்கள் யாருடைய இன்ஸ்டாவையாவது திறந்து பாருங்கள். மேலே வெள்ளைப் பளிங்கில் தாஜ்மஹால், கீழே தண்ணீரில் தலைகீழாக இன்னொரு தாஜ்மஹால், நடுவில் கூலிங் கிளாஸோடு நம்ம ஆள். இப்படி ஒரு போட்டோவாவது கண்டிப்பாக இருக்கும். அந்தத் தண்ணீர் மட்டும் இல்லையென்றால், வாங்கிய லைக்ஸில் பாதி காலி!

சரி, ஷாஜஹான் அந்தத் தண்ணீரை அங்கே கொண்டுவந்தது அழகுக்காக மட்டும்தானா?

தோட்டத்தின் மையத்தில் உயர்த்திக் கட்டிய பளிங்குத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதற்கு 'ஹவுள் அல் கவ்ஸர்' என்று பெயர். மறுமையில் நபிகள் நாயகத்துக்கு வாக்களிக்கப்பட்ட தடாகத்தின் பெயர் அது. நம்ம ஊர்ப் பள்ளிவாசல்களுக்குள் போயிருந்தால் 'ஹவுள்' என்ற வார்த்தையைக் கேட்டிருப்பீர்கள். தொழுகைக்கு முன் ஒளு செய்ய, அதாவது கை, வாய், முகம், கால் கழுவிக்கொள்ள இருக்கும் தொட்டிக்கும் அதே பெயர்தான். சக்கரவர்த்தி கட்டிய சமாதியிலும் சின்னத் தெருப் பள்ளிவாசலிலும் ஒரே சொல். மேட்டர் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான்கு ஆறுகள்

இஸ்லாம் பிறந்தது அரேபியப் பாலை நிலத்தில். ஒரு கிணறு இருந்தால் ஊர், இல்லாவிட்டால் வெறும் மணல். அந்த மக்களுக்குச் சொர்க்கத்தை எப்படிப் புரியவைப்பது? கீழே ஆறுகள் ஓடும் தோட்டங்கள் என்று குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 47-வது அத்தியாயத்தில் நான்கு வகை ஆறுகள் வருகின்றன. தண்ணீர், பால், மது, தேன்.

இதைத்தான் தோட்டமாகக் கட்டினார்கள். சதுரமான இடம், அதை நான்காகப் பிரிக்கும் வாய்க்கால்கள், நடுவில் ஒரு குளமோ மேடையோ. பாரசீகத்தில் இதற்கு 'சார்பாக்' என்று பெயர். 'நான்கு தோட்டம்' என்று அர்த்தம். ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கல் வாய்க்கால் வைத்த அரண்மனைத் தோட்டங்கள் பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு முன்பே இருந்தன. கி.மு. 6-ம் நூற்றாண்டில் சைரஸ் மன்னர் பசர்காடேயில் அமைத்த தோட்டத்தின் மிச்சம் இன்றும் இருக்கிறது. வடிவம் பழையது. அதற்குச் சொர்க்கம் என்ற அர்த்தத்தை ஆழமாக ஏற்றியது பிறகு வந்த நம்பிக்கை.

பாபரின் புலம்பல்

இந்தத் தோட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பாபர். 1526-ல் பானிபட்டில் ஜெயித்தாயிற்று, டெல்லியும் ஆக்ராவும் கையில். மனுஷன் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்தானே? ஆனால் 'பாபர் நாமா'வில் அவர் செய்வது புலம்பல். இந்த ஊரில் வெயில், புழுதி, தோட்டங்களில் ஓடும் தண்ணீரே இல்லை என்று குறைபட்டுக்கொள்கிறார். ஃபெர்கானாவில் பிறந்து காபூலில் ஆண்ட ஆளுக்கு மலை ஓடைச் சத்தம் இல்லாத ஊர் ஊராகவே தெரியவில்லை. யமுனைக் கரையில் கிணறு வெட்டி, குளம் கட்டி, வாய்க்கால் ஓடவிட்ட பிறகுதான் கொஞ்சம் ஆறுகிறார். 1530-ல் ஆக்ராவில் இறந்தார். பிறகு உடல் காபூலுக்குக் கொண்டுபோகப்பட்டு, அவர் நேசித்த மலைச்சரிவுத் தோட்டத்திலேயே, மேலே கூரை இல்லாமல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மகன் ஹுமாயூனின் சமாதி டெல்லியில் இருக்கிறது. 1570 வாக்கில் கட்டி முடிக்கப்பட்டது. அங்கே வாய்க்கால்கள் சமாதி மேடையை நோக்கி நேராக ஓடிவந்து, மேடைக்கு அடியில் நுழைந்து மறைவதுபோலவும், மறுபக்கம் வெளியே வருவதுபோலவும் அமைத்திருக்கிறார்கள். 'கீழே ஆறுகள் ஓடும் தோட்டம்' என்ற வசனம் அங்கே அப்படியே கல்லில் நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால், அந்த இடத்தில் கால் தானாக நின்றுவிடும்.

கொஞ்சம் தண்ணீர், நிறைய மூளை

சொர்க்கத்து ஆறு என்றதும் பீறிட்டுக் கொட்டும் என்றுதானே நினைப்போம்? இந்தக் கட்டடங்களில் ஓடுவது மெல்லிய வாய்க்கால். பல இடங்களில் ஒரு முழ ஆழம்கூட இருக்காது. குறைவான தண்ணீரை நிறைய மாதிரி காட்டுவதில்தான் வித்தையே.

தாஜ்மஹாலையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் கமலை மாதிரி, மாடுகள் தோல் சால்களை இழுத்து யமுனைத் தண்ணீரை மேலே ஏற்றின. அது உயரமான தொட்டிகளில் நிரம்பி, குழாய் வழியாகத் தோட்டத்துக்கு வந்தது. மோட்டார் கிடையாது. அப்படியானால் முதல் நீரூற்று உயரமாகவும் கடைசி நீரூற்று சோம்பலாகவும் பாய வேண்டும் இல்லையா? அங்கேதான் ஒரு ட்ரிக். ஒவ்வொரு நீரூற்றுக்கு அடியிலும் ஒரு செம்புப் பானை. தண்ணீர் முதலில் எல்லாப் பானைகளையும் நிரப்பும், அப்புறம்தான் மேலே எழும். அதனால் எல்லாமே ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில்!

இந்த மூளையின் உச்சத்தைப் பார்க்க ஸ்பெயினின் கிரனடா நகருக்குப் போக வேண்டும். அங்கே 13, 14-ம் நூற்றாண்டுகளில் நஸ்ரித் சுல்தான்கள் கட்டிய அல்ஹம்ப்ரா அரண்மனை, குன்றின் மேல் நிற்கிறது. குன்றில் தண்ணீர் ஏது? டாரோ ஆற்றில் சுமார் 6 கிலோமீட்டர் தூரத்திலேயே தண்ணீரைப் பிரித்து, மலைச்சரிவு வழியாக வாய்க்காலில் கொண்டுவந்தார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுவந்ததை வைத்து என்ன செய்தார்கள் தெரியுமா? அமைதி.

அங்கே 'மிர்ட்டில் முற்றம்' என்றொரு இடம், நடுவில் நீளமான குளம். இரண்டு முனைகளிலும் தரையோடு தரையாகச் சின்னக் கிண்ணம் மாதிரி ஊற்று. தண்ணீர் அதிலிருந்து ஒரு குறுகிய பள்ளம் வழியாக வேகம் தணிந்து, சத்தமில்லாமல் குளத்தில் சேரும். மேற்பரப்பு கலங்கக் கூடாது, கோபுரத்தின் பிம்பம் உடையக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். பக்கத்திலேயே 12 கல் சிங்கங்கள் சுமக்கும் நீரூற்று முற்றம். நான்கு திசைக்கும் நான்கு வாய்க்கால், அதே நான்கு ஆறுகள் கணக்கு. மேலே ஹெனரலிஃபே தோட்டத்தில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவரிலேயே தண்ணீர் ஓடும், ஏறும்போது கை நனைத்துக்கொண்டே போகலாம். அதே தோட்டத்தில் இரண்டு பக்கமும் வளைந்து பாயும் நீர்த்தாரைகளின் ரீல்ஸைப் பார்த்திருப்பீர்கள். அவை பிற்காலத்தில் சேர்த்தவை. எனக்கென்னவோ, அவை இல்லாத பழைய நிசப்தம்தான் அந்த இடத்துக்குப் பொருத்தம் என்று தோன்றுகிறது.

தெருவில் ஒரு சொர்க்கம்

இதெல்லாம் ராஜாக்கள் சமாச்சாரம், சாமானியனுக்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கெய்ரோவின் பழைய தெருக்களில் 'ஸபீல்' என்ற கட்டடங்கள் இருக்கின்றன. தர்மத் தண்ணீர்ப் பந்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1744-ல் கட்டிய அப்துர் ரஹ்மான் கத்குதாவின் ஸபீல் இன்றும் தெரு முக்கில் நிற்கிறது. கீழே வெண்கலக் கம்பி ஜன்னல் வழியாகப் போகிற வருகிற எல்லோருக்கும் குடிநீர். மாடியில் பிள்ளைகள் குர்ஆன் ஓதிப் படிக்கும் பள்ளி. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது பெரிய தர்மம் என்பதால், அந்தச் சின்ன ஜன்னலுக்கும் அரண்மனைக்கு இணையான வேலைப்பாடு செய்தார்கள்.

ஒளு விஷயத்திலும் இதே கவனம் உண்டு. ஓடுகிற ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளுவுக்கு நீரை வீணாக்காதே என்று நபிகள் சொன்னதாக இப்னு மாஜா ஹதீஸ் நூலில் ஒரு செய்தி இருக்கிறது. தண்ணீரே கிடைக்காவிட்டால் சுத்தமான மண்ணைத் தொட்டு 'தயம்மும்' செய்துகொண்டு தொழலாம்.

ஹுமாயூன் சமாதித் தோட்டத்தின் வாய்க்கால்கள் நீண்ட காலம் வறண்டுதான் கிடந்தன. ஆகா கான் அறக்கட்டளையும் தொல்லியல் துறையும் சேர்ந்து 2003-ல் புதுப்பித்து முடித்தபோது, நிலத்தடி நீருக்காக 128 உறிஞ்சு குழிகள் அமைத்து, பழைய கிணறுகளையும் தூர்வாரினார்கள். அதற்குப் பிறகுதான் வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

ஆக்ரா கதை வேறு. தாஜ்மஹாலுக்கு நேர் எதிரே, யமுனையின் அக்கரையில் மெஹ்தாப் பாக் என்ற நிலாத் தோட்டம் இருக்கிறது. 1990-களில் அங்கே தோண்டியபோது எண்கோண வடிவில் பெரிய குளம் ஒன்று கிடைத்தது. தாஜ்மஹாலின் பிம்பம் அதில் விழும்படி கட்டியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். டூர் போனால் சாயங்காலம் அங்கேயும் ஒரு எட்டு போய்வாருங்கள். கோடையில் யமுனை சுருங்கி ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும். குளத்தின் செங்கல் வரம்பு தெரியும், எதிரே தாஜ்மஹால் தெரியும். தலைகீழ் தாஜ்மஹால் மட்டும் இருக்காது.