'எந்த ஒருவரும்': நோயாளர்கள் காப்புரிமை படித்த வரலாறு

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் 'எந்த ஒருவரும்' என்று ஒரு சொற்றொடர் உண்டு. ஒரு விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின், காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன், எவர் வேண்டுமானாலும் அதை எதிர்த்து மனுச் செய்யலாம். மனுதாரர் போட்டி நிறுவனமாகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டியதில்லை. அந்த மருந்தை உண்டு உயிர்வாழும் நோயாளியாகவும் இருக்கலாம். அந்தச் சொற்றொடரைப் பயன்படுத்த எளிய மனிதர்கள் கற்றுக்கொண்ட விதம், நம் காலத்து மருத்துவ வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி.

விடுதலைக்குப் பின்னும் இந்தியாவில் 1911ஆம் ஆண்டின் காலனியச் சட்டமே நடைமுறையில் இருந்தது. காப்புரிமைகளில் பெரும்பகுதி அயல்நாட்டவரிடம் இருந்தது. மருந்து விலையும் உயர்ந்திருந்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கை, இந்நிலையை மாற்ற வழிகாட்டியது. அதன் அடியொற்றிப் பிறந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்று வகுத்தது. ஒரே மருந்தை வேறு முறையில் தயாரிக்க வழி பிறந்தது; இந்திய ஜெனரிக் மருந்துத் தொழில் இவ்வடித்தளத்தில் வளர்ந்தது. எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை சொல்லப்பட்ட காலத்தில், 2001இல் சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தர முன்வந்ததும் அதனாலேயே.

1995இல் உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வழங்க இந்தியாவுக்கு 2005 வரை அவகாசம் கிடைத்தது. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம், முன்-எதிர்ப்பு உரிமையை வலுவிழக்கச் செய்தது. மக்கள் இயக்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் தந்த அழுத்தத்தால், 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தில் அவ்வுரிமை மீண்டும் வலுப்பெற்றது. அறிந்த மருந்தின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டிராவிட்டால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்னும் 3(டி) பிரிவும் அப்போதே சேர்க்கப்பட்டது.

ஏட்டில் உரிமை வந்துவிட்டது. ஆனால் காப்புரிமை விண்ணப்பம் என்பது வேதியியலும் சட்டமும் பின்னிக் கிடக்கும் ஒரு மொழி. லாயர்ஸ் கலெக்டிவ் போன்ற அமைப்புகளின் வழக்கறிஞர்கள் நோயாளர் அமைப்புகளோடு அமர்ந்து அம்மொழியைப் பிரித்துக் காட்டினர். விண்ணப்பத்தில் உரிமை கோரும் வாசகம் எது? அதற்கு முன்பே அச்சான ஆய்வேடு உண்டா? துறையறிந்த ஒருவர் இதை எளிதில் ஊகித்திருப்பாரா? பழைய மூலக்கூறுக்குப் புதுச் சட்டை மாட்டியதுதானா? இந்த நான்கு கேள்விகளையும் கேட்கப் பழகியவர், வேதியியல் பட்டம் இல்லாமலே ஒரு விண்ணப்பத்தின் பலவீனத்தைக் காண முடியும்.

2006 மார்ச்சில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் அமைப்புகள், அவற்றுள் மணிப்பூரின் அமைப்பும் ஒன்று, கொல்கத்தா காப்புரிமை அலுவலகத்தில் மனுச் செய்தன. எதிர்க்கப்பட்டது காம்பிவிர் மாத்திரை. அறியப்பட்ட இரு மருந்துகளோடு, பொடி சீராகச் சரிந்தோடத் துணைபுரியும் ஒரு பொருளைச் சேர்த்தது கண்டுபிடிப்பா என்பதே அவர்கள் கேள்வி. சில மாதங்களில் நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதே ஆண்டு ஜனவரியில், ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கான விண்ணப்பத்தைச் சென்னை அலுவலகம் நிராகரித்திருந்தது. எதிர்த்தவர்களுள் புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் ஒன்று. நோவார்ட்டிஸ் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். ஜெனரிக் மருந்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 3(டி) பிரிவையே எதிர்த்த வழக்கை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுப்பை உறுதி செய்தது.

இந்தக் கல்வி எல்லைகளையும் கடந்தது. காசநோய்ச் சிகிச்சையின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்த இருவர், மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமெசா டிசிலேயும், 2019இல் பெடாகுவிலின் மருந்தின் உப்பு வடிவத்துக்கான விண்ணப்பத்தை எதிர்த்தனர். 2023 மார்ச்சில் மும்பை அலுவலகம் அதை நிராகரித்தது. இல்லையேல் ஏகபோகம் மேலும் நான்காண்டுகள் நீண்டிருக்கும்.

முன்-எதிர்ப்பு மனுக்கள் தாமதத்துக்கான கருவியாகின்றன, முகமூடி மனுதாரர்கள் புகுகின்றனர் என்பது எதிர்த்தரப்பின் குறை. அது முற்றிலும் பொய்யன்று. ஆனால் 2024 மார்ச்சில் வந்த விதிகள், இதுவரை கட்டணமின்றி இருந்த மனுவுக்குக் கட்டணம் விதித்தன. மனு ஏற்கத்தக்கதா என்பதை அதிகாரி முதலிலேயே தீர்மானிக்கலாம் என்றன. முகமூடி அணிவோரின் பின்னால் பணம் இருக்கும். அவர்களைக் கட்டணம் தடுக்காது. வாசலில் நிற்க நேர்பவர் நோயாளர்தாம்.

ஆகவே இன்று பயிற்சியின் தேவை கூடியிருக்கிறதே அன்றிக் குறையவில்லை. முதல் பார்வையிலேயே தள்ள முடியாத மனுவை எழுதத் தெரிந்தவர்கள் மாவட்டந்தோறும் வேண்டும். காப்புரிமை அலுவலகத்தின் இதழ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளியாகிறது. அதைப் பிரித்துப் படிக்க ஆளில்லாத நாளில், 'எந்த ஒருவரும்' என்னும் சொல்லுக்கு 'ஒருவருமில்லை' என்பதே பொருளாகிவிடும்.