பிளட் வெசல் (திரைப்படம்)

பிளட் வெசல், 2019-இல் உருவான ஆஸ்திரேலியத் திகில் திரைப்படம். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், ஆளரவமின்றி மிதக்கும் ஜெர்மானியக் கண்ணிவாரிக் கப்பலில் (கடற்கண்ணிகளை அகற்றும் கப்பல்) கதை நடக்கிறது. ஜஸ்டின் டிக்ஸ் இயக்கினார். திரைக்கதையை ஜோர்டன் பிராசருடன் சேர்ந்து எழுதினார். நேதன் பிலிப்ஸ், அலிசா சதர்லேண்ட், ராபர்ட் டெய்லர் முதலியோர் நடித்துள்ளனர். தலைப்பு ஒரு சிலேடை. ஆங்கிலத்தில் அது இரத்தக் குழாயைக் குறிக்கும் தொடர். ஆனால் ‘வெசல்’ என்பது, தமிழில் ‘கலம்’ போலவே, பாத்திரத்துக்கும் கப்பலுக்கும் பொதுவான சொல்.

கதை

நேச நாடுகளின் மருத்துவமனைக் கப்பல் ஒன்று டார்பிடோ தாக்கி மூழ்குகிறது. ஆஸ்திரேலியர், பிரிட்டிஷார், அமெரிக்கர், ரஷ்யர் எனத் தப்பிய சிலர் உணவும் குடிநீருமின்றி மிதவையில் தவிக்கிறார்கள். எதிரியுடையது என்று தெரிந்தும் கண்ணில் பட்ட ஜெர்மானியக் கப்பலில் ஏறுகிறார்கள். உள்ளே பிணங்களும் ருமேனியச் சிறுமி ஒருத்தியும்தான். நாஜிகள் கொள்ளையடித்த பொருள்களோடு பூட்டிய சவப்பெட்டிகளும் கப்பலில் இருக்கின்றன. அவை திறக்கப்பட்டதும், நாடு பார்க்காத பகையாக இரத்தக்காட்டேரிகள் வெளிப்படுகின்றன.

பின்னணி

படத்தின் இரத்தக்காட்டேரிகள் ருமேனிய நாட்டார் நம்பிக்கையில் வரும் ‘ஸ்ட்ரிகோய்’ வகையைச் சேர்ந்தவை. கல்லறையிலிருந்து எழுந்து உயிருள்ளவர்களை வாட்டும் இறந்தோரை ருமேனியர்கள் அப்படி அழைக்கிறார்கள். காட்டேரியைக் கப்பலேற்றுவது பழைய மரபு. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) நாவலில், சுக்கானோடு கட்டுண்ட மாலுமித் தலைவனின் பிணத்துடன் டிமீட்டர் என்ற கப்பல் இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தை வந்தடைகிறது. நடுக்கடலில் ஓடி ஒளிய இடமில்லை என்பதே இவ்வகைக் கதைகளின் அச்சாணி.

படப்பிடிப்புக் கப்பல்

ஜெர்மானியக் கப்பலாக வேடமிட்டது, உண்மையில் ஜெர்மனியை எதிர்த்த தரப்பின் கப்பல்: ஆஸ்திரேலியக் கடற்படையின் காசில்மெய்ன். பாதர்ஸ்ட் வகையைச் சேர்ந்த இதுவும் கண்ணிவாரியாகக் கட்டப்பட்டதே. போர்க்காலத்தில் ஆஸ்திரேலியா இவ்வகையில் 60 கப்பல்கள் கட்டியது. அவற்றில் மெட்ராஸ், பெங்கால், பம்பாய், பஞ்சாப் ஆகிய நான்கும் அன்றைய ராயல் இந்தியக் கடற்படைக்குச் சென்றன. காசில்மெய்ன் 1941-இல் மெல்போர்னை அடுத்த வில்லியம்ஸ்டவுனில் நீரில் இறக்கப்பட்டு, 1942-இல் பணியில் சேர்ந்தது. திமோர் கடற்பகுதியில் ஜப்பானிய விமானத் தாக்குதல்களை எதிர்கொண்டது. இன்று, பிறந்த ஊரான வில்லியம்ஸ்டவுனிலேயே அருங்காட்சியகமாக நிற்கிறது. இவ்வகையில் எஞ்சியிருக்கும் மற்றொரு கப்பல், தெற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள வயாலா.