கத்தியும் கவ்வாத்தும்: மலையகத் தொழிற்சொற்கள் பற்றி ஒரு குறிப்பு

சொற்களின் வரலாறு கருவிகளின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்கத்தக்கதன்று. கருவியைக் கையாண்டோர் யார், அதன் பயனை நுகர்ந்தோர் யார் என்று வினவாத சொல்லாராய்ச்சி அகராதித் தொகுப்பாகவே எஞ்சும். 'கத்தி' என்னும் சொல் இதற்கு நல்ல சான்றாகும்.

பொருநராற்றுப்படை நெல்லரியும் கருவியைக் 'குயம்' என்கிறது. போர்க்கருவியான 'வாள்', 'அரி' என்னும் வினையோடு சேர்ந்து அரிவாளாகி வயலுக்கு வந்தது. 'கத்தி'யோ போர்வாள், சவரக்கருவி, அடுக்களைக் கருவி யாவற்றையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. எனவே உழைப்பின் தன்மை அதன் அடைமொழியிலேயே வெளிப்படுகின்றது. யாழ்ப்பாணத்துப் பாளைக்கத்தி, கள்ளிறக்குவோர் தொழிலையும் அவர்மீது சாதியமைப்புச் சுமத்திய ஒடுக்குமுறையையும் ஒருங்கே சுட்டும். மலையகத்தில் அவ்விடத்தைப் பெறுவது கவ்வாத்துக் கத்தியாகும்.

டயகம போன்ற உயர்நிலத் தோட்டங்களில் சில ஆண்டுகளுக்கொருமுறை தேயிலைச் செடியைத் தாழ வெட்டிவிடுவதே கவ்வாத்து. வெட்டாவிடின் செடி மரமாகும்; கொழுந்து குறையும். வெட்டு சரிவாகவும் பட்டை பிளவாமலும் அமைதல் வேண்டும். இன்றேல் நீர் தேங்கித் தண்டு அழுகும். ஆகவே இது வெறும் உடல்வலுவன்று, பயின்ற கைத்திறன். கொழுந்து பெண்களுக்கும் கவ்வாத்து ஆண்களுக்கும் என வேலை பிரிக்கப்பட்டது. வெட்டிய மிலாறு லயத்து அடுப்பிற்கு விறகாயிற்று.

தமிழில் 'கவாத்து' படைப்பயிற்சியையும் குறிக்கும். விதிகள் எனப் பொருள்படும் அரபுச்சொல் இந்துஸ்தானி வழியாக இவ்வாறு வந்தது. செடிவெட்டலும் அச்சொல்லாற் குறிக்கப்படுவதை ஒலியொப்புமை கொண்டு மட்டும் விளக்குதல் பொருந்தாது; சிங்களத்துக் 'கப்பாது'வும் அருகே நிற்கின்றது. ஆனால், விடியலில் தொழிலாளரை நிறுத்திக் கணக்கெடுக்கும் 'பெரட்டு' ஆங்கிலப் படைச்சொல்லே என்பதில் ஐயமில்லை. அதனை உருவகமெனக் கொள்ளவியலாது. ஒப்பந்தம் மீறிய தொழிலாளியைச் சிறையிலிட 1865ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது.

நாட்கூலியின் அலகு 'பேர்' எனப்பட்டது. குறித்த தொகைச் செடிகளை வெட்டி முடியாதவனுக்கு 'அரைப்பேர்'. மனிதனின் பெயரே உழைப்புச் சக்தியின் விலைக்கு அளவாகியமை நோக்கற்பாலது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அம்மக்களுட் பெரும்பாலோரைக் குடியுரிமைக்கும் வாக்குரிமைக்கும் புறம்பாக்கின. தோட்டப் பதிவேட்டில் பேருடையோர் நாட்டின் பதிவேட்டில் பேரற்றோராயினர். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கத்தி பிடித்த கைக்கு நிலம் வரவில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தளித்தார். தொழிற்சொற்களும் அவ்வாறே தொகுக்கப்படல் வேண்டும். தம் வரலாற்றைத் தாமே எழுதும் வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்கள் அதனைத் தம் சொற்களில் விட்டுச்சென்றுள்ளனர் என்பதே நமது துணிபு.