மாட்டுவண்டியில் வந்த நூலகம்

பிரிட்ஜ்வாட்டரிலிருந்து பேசுகிறேன். நான் வரலாறு படித்தவள் அல்ல. நர்சிங் டிப்ளமோ முடித்த செவிலி. இரவுப்பணி முடிந்து காலையில் படுத்தால், கைபேசியில் குறுங்காணொளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத் தூக்கம் அதில் போய்விடும். ஒருநாள் பணியில் ஒரு மருந்தின் அளவைத் தவறாக எழுதிவிட்டேன். நல்லவேளை, நோயாளிக்குக் கொடுக்குமுன் உடனிருந்த செவிலி பார்த்துத் திருத்தினார். அன்றே அந்தச் செயலிகளை நீக்கினேன். ஊர் நூலகத்தில் அட்டை வாங்கினேன். அதன் பிறகுதான், அந்த அட்டைக்குப் பின்னுள்ள எண்ணத்தை நம்மவர் ஒருவர் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர், வாசகர்களே அலமாரிகளுக்கு இடையில் நடந்து நூல்களை எடுத்துப் பார்க்க வழி செய்தார். 1931-இல் அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் நூலாக வந்தன.

அதே ஆண்டு அக்டோபரில், மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. நூலகத்துக்கு வர முடியாத கிராமத்தாரிடம் நூலகமே போனது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலும் ரங்கநாதனுக்குப் பெரும் பங்கு உண்டு.

அவருடைய இரண்டாம், மூன்றாம் விதிகள், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூலும் ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரும் கிடைக்க வேண்டும் என்பவை. இதை அல்காரிதமும் செய்வதுபோலத்தான் தெரிகிறது. எனக்குப் பிடித்ததை அதுவும் தேடித் தருகிறது. ஆனால் நான்காம் விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அங்கேதான் இரண்டும் பிரிகின்றன. நான் எத்தனை நேரம் பார்க்கிறேன் என்பதில்தான் செயலிக்கு வருமானம். நான் சீக்கிரம் எழுந்துபோனால் நூலகருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்த மாட்டுவண்டியும் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். திண்ணையிலேயே நின்றுகொண்டு, “இன்னொன்று, இன்னொன்று” என்று சொல்லாது.

ஆகவே பழையது நல்லது, புதியது கெட்டது என்று நான் சொல்லவில்லை. இந்தப் பேச்சையே நேரலையில்தானே கேட்கிறீர்கள்! நம் நேரத்தை யார் மதிக்கிறார்கள் என்பதே என் கேள்வி. இப்போது பணி முடிந்து வந்ததும் பத்துப் பக்கம் படிக்கிறேன், பிறகு தூங்கிவிடுகிறேன்.

நான் முடித்ததும் உங்கள் திரையில் வேறொரு காணொளி தானாகத் தொடங்கலாம். அதற்குமுன் மூடிவிடுங்கள்.