ஹேவாஹெட்டவும் மூளையின் நாடி வளையமும்

1664ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் கண்டி இராச்சியத்தில் ஒரு கலகம் மூண்டது. நிலம்பையில் அரசிருக்கை கொண்டிருந்த இரண்டாம் இராஜசிங்கனுக்கு எதிராக நள்ளிரவில் திரண்டனர் கலகக்காரர். கலகம் சின்னாட்களில் ஓய்ந்தது. மன்னனோ நிலம்பைக்கு மீளவில்லை. ஹேவாஹெட்டப் பகுதியில், இன்று ஹங்குராங்கெத்த என வழங்கும் இடத்தை அரசிருக்கையாகக் கொண்டான். இதனை எழுதி வைத்தவர் றொபேட் நொக்ஸ். 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி இவர்.

அதே 1664ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளிவந்தது. மூளையின் கூறுகளை ஆராய்ந்த அந்நூலின் ஆசிரியர் தோமஸ் வில்லிஸ் என்னும் ஒக்ஸ்போட் வைத்தியர். மலைநாட்டுக் கலகத்துக்கும் மூளை ஆராய்ச்சிக்கும் யாது தொடர்பு எனக் கேட்கலாம். தொடர்பு மனிதர் வழியே அமைந்தது. வில்லிஸின் நூலுக்குப் படங்கள் வரைந்தவர் கிறிஸ்தோபர் றென். பின்னாளில் இலண்டனின் புனித பவுல் பேராலயத்தைக் கட்டியவரும் அவரே. 1681இல் நொக்ஸின் இலங்கை வரலாறு அச்சேறியபோது அது வெளியிடத் தக்கது என நற்சான்று வழங்கியவரும் அவரே. அந்நூலுக்கு முன்னுரை எழுதி உதவிய றொபேட் ஹூக் இளமையில் வில்லிஸிடம் உதவியாளராக இருந்தவர். ஹேவாஹெட்டவின் பெயரை மேனாட்டார்க்கு அறிவித்த நூலும், பாரிசவாதத்தின் மூலத்தைத் தேடிய நூலும் ஒரே நட்பு வட்டத்தின் கைகளிற் பட்டு வந்தவை.

பாரிசவாதம் என்னும் பெயரிலேயே பண்டையோர் கொள்கை அடங்கியிருக்கிறது. உடலின் ஒரு பாரிசத்தை வாதம் பற்றிக்கொண்டது என நம் முன்னோர் கருதினர். கிரேக்க மரபில் வந்த கலன் என்னும் வைத்தியரோ மூளையின் உள்ளறைகளைத் தடித்த கபம் அடைத்தமையே காரணம் என்றார். ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஐரோப்பா அவர் சொல்லைக் கடக்கவில்லை. நோயால் இறந்தவரின் மூளையைத் திறந்து பார்க்க எவரும் முனையாதவரை அச்சொல்லை மறுப்பது எங்ஙனம்?

முனைந்தவர் சுவிற்சலாந்தின் யோகான் வெப்பர். திடீரென வீழ்ந்து மாண்டோரின் தலைகளைத் திறந்து ஆராய்ந்த அவர், கபத்தை அன்று, கசிந்து உறைந்த குருதியையே கண்டார். குருதி வெளியே கசிதல் ஒன்று, உள்ளே வரும் வழி அடைபடுதல் மற்றொன்று என இருவகைக் காரணங்களை 1658இல் எழுதினார்.

வில்லிஸும் அவர்தம் துணைவர் றிச்சட் லோவரும் அடுத்த படிக்கு ஏறினர். கழுத்தின் இருமருங்கிலும் செல்லும் இரு நாடிகளும், முதுகெலும்பை ஒட்டி ஏறும் இரு நாடிகளும் மூளையின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று இணைந்து வளையமாவதை அவர்கள் காட்டினர். இவ்வளையத்தை அதற்கு முன் கண்டோர் உளர். அதன் பயன் யாதென உணர்ந்ததே வில்லிஸின் சிறப்பு. ஒரு நாடியில் மையைச் செலுத்தியபோது மறுபக்கத்து நாடிகளும் கறுத்தன. பிறிதொரு நோயால் இறந்த ஒருவரின் வலப்பக்கக் கழுத்து நாடி மண்டையோட்டினுள்ளே எலும்புபோல் இறுகி, ஏறக்குறைய முற்றாக அடைபட்டிருந்தது. ஆயினும் அவர் வாழ்நாளில் பாரிசவாதம் கண்டாரில்லை. அதே பக்கத்து முதுகு நாடி மற்றதினும் மும்மடங்கு பருத்து, குறைந்த குருதியை ஈடுசெய்திருந்தது. ஒரு வாய்க்கால் தூர்ந்தால் மறு வாய்க்காலால் வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவனுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ!

அங்ஙனமாயின் நோய் ஏன் வருகிறது? வளையம் எல்லாரிடத்தும் முழுமையாக அமைவதில்லை. நாடி மெல்ல மெல்ல அடைபட்டாற் பக்கத்து நாடி பருக்கக் காலம் கிடைக்கும். திடீரென அடைபட்டால் கிடையாது. மேலும், வளையத்தைக் கடந்து பிரியும் கிளை நாடியில் அடைப்பு நேர்ந்தால் வளையத்தால் உதவ இயலாது. அக்கிளையை நம்பிய மூளைப் பகுதி மடியும். எப்பகுதி மடிகிறதோ அதற்கேற்ப இழப்பு அமையும். இடப்பக்க மூளை கெட்டால் வலக்கை வீழ்வது ஏன் என்பதற்கு, மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகள் வழியில் பக்கம் மாறிச் செல்கின்றன என்னும் விடையை 1709, 1710ஆம் ஆண்டுகளில் உடற்கூற்றறிஞர் கண்டனர். பேச்சிழந்து இறந்த ஒருவரின் மூளையை 1861இல் பரிசில் ஆராய்ந்த புரோக்கா, இடப்பக்க முன்மூளையிற் சிதைவைக் கண்டார்.

கண்டியை அடுத்த பேராதனையில் 1962இல் மருத்துவ பீடம் தோன்றியது. அங்கு பயிலும் மாணவர் கற்கும் வளையத்துக்கு வில்லிஸின் பெயரே இன்றும் வழங்குகிறது.

வெப்பர் கண்ட இருவகைப் பிரிவும் இறந்த கொள்கையன்று. குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்து, நோய் தொடங்கிய மூன்று மணி நேரத்துள் கொடுக்கப்படின் பயன் தரும் என 1995இல் நிறுவப்பட்டது. 2008இல் அவ்வெல்லை நாலரை மணி நேரமாக நீண்டது. ஆயினும் அடைப்புக்கு அமிர்தமாகும் அம்மருந்து கசிவுக்கு நஞ்சாகும். ஆகவே, மருந்துக்கு முன் கதிர்ப்படம் எடுத்து இரண்டில் எது என அறிந்தாக வேண்டும். தலையைத் திறவாமலே அதனைக் காட்டும் கருவி முதன்முதல் ஒரு நோயாளியிடம் 1971இல் பயன்பட்டது.

1867இல் ஹேவாஹெட்டவின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். அதன்பின் மலையெங்கும் தேயிலை பரவிற்று. தமிழ்த் தொழிலாளரின் லயங்களும் பெருகின. லயத்திலிருந்து தோட்டப் பாதையில் இறங்கி, வாகனம் தேடி, வளைந்து செல்லும் மலைவீதியாற் கண்டியை அடைவதற்குச் செல்லும் பொழுதும் அந்த நாலரை மணியிலேயே கழிகிறது. முகம் ஒருபுறம் கோணியதும், ஒரு கை தளர்ந்ததும், நாக்குழறியதும் எப்பொழுது என்பதே வைத்தியர் முதலிற் கேட்கும் வினா. உறக்கத்தில் நோய் கண்டு விடியலில் எழ இயலாதவருக்கு, அவர் முதல்நாள் இரவு நலமாக இருந்ததைப் பிறர் கடைசியாகக் கண்ட வேளையிலிருந்தே அக்கணக்கு தொடங்குகிறது.