பச்சை முட்டை: பிரிட்டன் பட்ட முப்பது ஆண்டுப் பாடு

1988 டிசம்பர் 3ஆம் தேதி, பிரிட்டனின் சுகாதாரத் துறை இணை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லா கிருமியால் பாதிக்கப்பட்டுவிட்டது என்று தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். சில நாட்களிலேயே முட்டை விற்பனை பாதிக்கும் கீழே சரிந்தது. பண்ணையாளர்கள் கொதித்தெழுந்தார்கள், இரண்டு வாரத்தில், டிசம்பர் 16 அன்று, கரி பதவி விலகினார். ‘பெரும்பகுதி’ என்று அவர் சொன்னது மிகைதான்; அதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஆனால் ஆபத்து கற்பனையல்ல. பச்சை முட்டையைத் தவிர்க்கும்படி அந்த ஆண்டு ஜூலையில் மருத்துவமனைகளுக்கும் ஆகஸ்டில் பொதுமக்களுக்கும் அவருடைய துறையே ஏற்கெனவே அறிவுறுத்தியிருந்தது. அதற்கும் முன்பே பிரபுக்கள் சபையின் உணவகத்தில் பச்சை முட்டை சேர்த்த மயோனைஸ் சாப்பிட்ட உறுப்பினர்கள் படுக்கையில் விழுந்திருந்தார்கள். பச்சை முட்டை ஆபத்தா என்ற கேள்விக்குப் பிரிட்டன் அடுத்த பத்தாண்டு அடுப்படியிலேயே விடை தேடியது. விடை கோழிப்பண்ணையில் இருந்தது என்பதை அந்த நாட்டு வரலாறே காட்டுகிறது.

முட்டையால் நோய் வரும் என்பது அதற்கு முன்பும் தெரிந்ததுதான். உடைத்து ஊற்றி மொத்தமாக விற்கும் முட்டைக் கரைசலை 64.4 டிகிரி செல்சியஸில் இரண்டரை நிமிடமாவது சூடாக்க வேண்டும் என்று 1963லேயே பிரிட்டனில் சட்டம் வந்துவிட்டது. ஓடு உடையாத கோழிமுட்டையின் மீது மட்டும் யாருக்கும் ஐயம் எழவில்லை. கிருமி வெளியே எச்சத்தில் இருக்கும், விரிசல் வழியாக உள்ளே போகும், ஆகவே சுத்தமான முழு முட்டை நல்ல முட்டை என்பதே பொதுவான நம்பிக்கை. 1980களில் பரவிய சால்மோனெல்லா என்டெரிட்டிடிஸ் அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. இந்தக் கிருமி கோழியின் சினைப்பையிலும் கருக்குழாயிலும் குடியேறுகிறது; ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடுகிறது. கோழிக்கோ நோயின் அறிகுறியே தெரியாது. தீனி தின்று வழக்கம்போல முட்டையிடும். அந்த முட்டையைக் கழுவினாலும் முகர்ந்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும் ஒன்றும் புலப்படாது. கோழிகளைக் கொன்றுகொண்டிருந்த வேறு இரண்டு சால்மோனெல்லா வகைகளைப் பண்ணைகளிலிருந்து ஒழித்ததால் காலியான இடத்தைத்தான் இந்தப் புதிய கிருமி பிடித்துக்கொண்டது என்று 2000ஆம் ஆண்டில் சில ஆய்வாளர்கள் கருத்து முன்வைத்தார்கள். அது முற்றாக நிறுவப்பட்டதல்ல. ஆனாலும் கோழியைக் கொல்லாத கிருமி பண்ணையாளரின் கண்ணில் படாமல் போனதை அது நன்றாகவே விளக்குகிறது.

அரசு என்ன செய்தது? கிருமி கண்ட முட்டைக்கோழிக் கூட்டங்களை அழிக்க 1989இல் ஆணை போட்டது. மக்களிடம் முட்டையை நன்றாக வேகவைக்கச் சொன்னது. லட்சக்கணக்கான கோழிகள் கொல்லப்பட்டன. 1993இல் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. அறிவுரை மட்டும் தொடர்ந்தது, நோயும் தொடர்ந்தது: 1997இல் இந்த ஒரு வகைக் கிருமியால் மட்டும் 14,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவானது. திருப்பம் 1998இல் வந்தது. முட்டைத் தொழிலினரே சிங்க முத்திரைத் திட்டத்தைப் புதுப்பித்து, அதில் சேரும் பண்ணைகளின் முட்டைக்கோழிகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கினார்கள். ஓட்டின் மேல் சிவப்பு மையில் ஒரு சிங்கம். கூடவே வளர்ப்பு முறைக்கான எண், பண்ணையின் குறியீடு, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்ற விவரம். கெட்ட முட்டை எந்தக் கொட்டகையிலிருந்து வந்தது என்பதை அதன் ஓடே சொல்லிவிடும். 2009இல் அந்த நோயாளிகளின் எண்ணிக்கை 600க்கும் கீழே இறங்கியிருந்தது.

தடுப்பூசிதான் காரணமா, எலி ஒழிப்பும் சுகாதாரமும் கூடவே மேம்பட்டன அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்வீடன் தன் கோழிகளுக்குத் தடுப்பூசியே போடுவதில்லை. 1953இல் ஆல்வெஸ்டா நகர இறைச்சிக்கூடத்திலிருந்து பரவிய சால்மோனெல்லா சுமார் 9,000 பேரைத் தாக்கி, ஏறத்தாழ 90 உயிர்களைப் பறித்த பிறகு, இடைவிடாத பரிசோதனையாலும் கண்டிப்பாலும் அந்த நாடு தன் பண்ணைகளைச் சுத்தமாக வைத்திருக்கிறது. ஆக, வழி ஒன்றே என்பதில்லை. ஆனால் இரண்டு நாடுகளும் வென்றது கோழிக்கூட்டத்தில்தான். மயோனைஸில் சேர்க்கும் எலுமிச்சையும் வினிகரும் கிருமியைக் கொல்லுமே என்பது இன்னொரு வாதம். புளிப்பு போதுமான அளவு இருந்தால் கொல்லும். ஆனால் அறை வெப்பத்தில் சற்று விரைவாக, குளிர்பெட்டியில் மிக மெதுவாக. செய்த உடனே மயோனைஸைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் உண்மையில் கிருமிக்கு ஆயுளை நீட்டித் தருகிறார்கள். புளிப்புக் குறைந்ததை வெயிலில் வெளியே வைத்தாலோ கிருமி பெருகும். திராமிசு, மூஸ் போன்ற இனிப்புகளில் அந்த அரைகுறைக் காவலும் கிடையாது.

2017 அக்டோபரில் பிரிட்டனின் உணவுத் தர முகமை தன் அறிவுரையை மாற்றியது: சிங்க முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியோரும்கூடப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணலாம். முத்திரை இல்லாத முட்டைக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை. நோய் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. இந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, பச்சை முட்டை பாதுகாப்பானது என்று அறிவியல் சொல்லிவிட்டதாக இங்கே யாராவது சொன்னால் அது தவறு. அந்த உறுதி ஒரு நாட்டின், ஒரு முத்திரையின் கீழ் வரும் கோழிகளுக்கானது. நம் கடைகளில் அட்டைத் தட்டுகளில் அடுக்கி, சில்லறையாக விற்கும் முட்டையின் ஓட்டில் பண்ணையின் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை விதித்தது சரியான முடிவு. ஆனால் அதுவும் கிருமியைத் தட்டில் தடுக்கும் முயற்சியே தவிர, பண்ணையில் தடுப்பதல்ல. தடுப்பூசியும் ஓட்டின் மேல் பண்ணைக் குறியீடும் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அது வரும்வரை, வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கும் வீடுகள் அதை வேகவைத்தே கொடுக்கட்டும். வேகவைத்த முட்டையின் புரதத்தைத்தான் உடலும் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.